நீலப் பெட்டியின் பச்சை விளக்கு

ஜூன் 3

அன்புள்ள வாத்துக்கு,

நலம்தானே? உன் வீட்டுக்காரரின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எனக்கு முட்டி, முதுகு, வாய் மூன்றும் வலிக்கின்றன. வாய்வலிக்குக் காரணம் உங்கள் ஆபீஸ் கொண்டுவந்த புதுக் கார்டு.

"சீக்கிரம் எழுதி முடிங்கம்மா, உங்க கடுதாசிக்காக நான் வண்டியை விட முடியுமா?" என்று ஆபீஸ் தபால் பையைத் தூக்கிப்போகிற பைக்காரர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். பயிற்சிப் பள்ளியை விட்டு வந்த பதினான்கு வருடமாக இந்தப் பையில்தான் நம் கடிதம் போய்வருகிறது. ஆனாலும் அவருக்குத் தினமும் இதே பாட்டு. நிற்கட்டும். கேட்டில் உட்கார்ந்தால் எனக்குப் போன் கிடையாது. வீட்டுக்குப் போனால் பேசத் தெம்பு கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். புறநகர் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் படியேறி, நடு மேடையில் இருக்கும் நீலப் பெட்டியில் கார்டைத் தொட்டுவிட்டு, என் கேட் வழியாக மெட்ரோவுக்குப் போக வேண்டும். தொட்டால்தான் இரண்டு ரயிலும் ஒரே பயணமாகக் கணக்காகும். தொடாமல் வந்தால் என் கேட்டில் சிவப்பு எரியும். இரண்டுக்கும் முழுக் கட்டணம் பிடித்துக்கொண்டு விட வேண்டும் என்பது உங்கள் சட்டம். தினமும் காலையில் முப்பது நாற்பது பேர் சிவப்பில் மாட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வருகிறார்கள். "தொட்டேங்க, பச்சை எரிஞ்சுது, என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் பண்ணுகிறார்கள். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்?

உனக்கு மட்டும் சொல்கிறேன். சில பேரைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. என்னுடைய ஊழியர் கார்டைத் தொட்டுக் கேட்டைத் திறந்து விட்டுவிடுகிறேன். தப்பு என்று தெரியும். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிற ஒரு அம்மா வருகிறாள். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போகும். அவளை நிறுத்தி வைத்துச் சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மறுபக்கம் பார்க்க.

இந்தப் பக்கம்தான் முக்கியம், தூங்காமல் படி. நேற்று வேலை முடிந்ததும் நானே நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். செய்தித்தாள் கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒருவர் தொட்டுக் கையை எடுத்த கையோடு அடுத்தவர் தொட்டால், பெட்டி இரண்டு பேருக்கும் பச்சை காட்டுகிறது. ஆனால் முதல் ஆளை மட்டும்தான் பதிவு செய்கிறது. ஆறு தடவை பார்த்தோம். ஆறு தடவையும் பின்னால் தொட்டவருக்குக் கேட்டில் சிவப்பு. நிதானமாக ஒவ்வொருவராகத் தொட்டால் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலைக் கூட்டத்தில் உன்னைப் போல யார் இருக்கிறார்கள்? நீ தட்டில்கூட ஒன்றை முடித்துவிட்டுத்தான் இன்னொன்றைத் தொடுவாய்.

மேலிடத்துக்கு எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். நீ கட்டணத் திருத்தப் பிரிவில்தானே இருக்கிறாய், யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லு.

உன்,
குண்டூசி

*

ஜூன் 5

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதத்தை டீ குடித்துக்கொண்டே படித்தேன். "தட்டில்கூட" என்ற இடத்தில் சிரித்ததில் புரையேறி, டீ உன் கடிதத்தின் மேலேயே கொட்டிவிட்டது. கைக்குட்டையால் ஒற்றிக் காயவைத்திருக்கிறேன். உனக்குச் சந்தோஷம்தானே?

வீட்டுக்காரரின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் தொலைக்காட்சிக்கும் நாற்காலிக்கும் நடக்கிறார். உன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா? பணமோ ஆளோ வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள். பிரசவத்தில் நான் கிடந்த பதினோரு நாளும் என் பக்கத்தில் தரையில் படுத்தவள் நீ. என்னிடம் உனக்கு என்ன கூச்சம்?

பெட்டி விஷயம். அடுத்தடுத்துத் தொட்டால் ஒருவரைத்தான் பதிவு செய்கிறது என்கிறாயே, அது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மேலிடத்தில் யாருக்கும் நீ எழுதாதே. கேட்டில் இருக்கிறவள் எழுதினால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எனக்கு மட்டும் எழுது. எங்கள் தலைவர் ஓய்வு பெற்றதிலிருந்து பிரிவே என் பொறுப்பில்தான் இருக்கிறது. பதவியை நிரந்தரமாக்குவது பற்றி அடுத்த மாதம் முடிவு செய்வார்கள். நேரம் பார்த்து நானே உரிய இடத்தில் சொல்கிறேன். அதுவரை வாயைக் கட்டு. உனக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

உன்,
வாத்து
(கீழே படமும் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை வாத்துக்குத் தொப்பி.)

*

ஜூன் 16

அன்புள்ள வாத்துக்கு,

தொப்பி உனக்கு நன்றாக இருக்கிறது. பயிற்சிப் பள்ளி அணிவகுப்பில் காலை அகட்டி நடந்து நீ அந்தப் பேரை வாங்கினபோது இந்தத் தொப்பி இருந்திருந்தால் யாரும் காலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்து, "இவ்வளவு கருத்துட்டியேடி" என்றாள். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

இனி சிரிப்பு இல்லை. ஆஸ்பத்திரி அம்மாவின் கார்டை முடக்கிவிட்டார்கள். நான் இல்லாத வேளைகளில் திரும்பத் திரும்பச் சிவப்பில் மாட்டியதால் கணினி அவளைக் கட்டண ஏய்ப்பாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். "இருபது வருஷமா ஒரு நாள் டிக்கெட் இல்லாம ஏறினதில்லம்மா. என் மருமகன் முன்னாடி, நான் காசு ஏமாத்தினேன்னு ஒரு காகிதத்தை வச்சு என்னைக் கேள்வி கேட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். "எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா, பெரிய பொறுப்பில. அவ பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கா. உங்க பேரு மேல ஒரு பொட்டு அழுக்கு இருக்காது" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது சரிதானே? எப்போது பேசப் போகிறாய்?

உன்,
குண்டூசி

*

ஜூன் 20

குண்டூசிக்கு,

அம்மா நலம் என்றது மகிழ்ச்சி.

பெட்டி விஷயமாகக் கூட்டம் நடந்தது. அவசரப்படாதே. இதில் பல பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், உனக்கு இங்கே இருக்கிற நிலைமை தெரியாது.

ஒன்று கேட்க வேண்டும். நீ ஊழியர் கார்டைத் தொட்டுத் திறந்துவிட்டாயே, மொத்தம் எத்தனை தடவை இருக்கும்? குறித்து வைத்திருக்கிறாயா? எனக்குப் பேச வசதியாக இருக்கும், அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
வாத்து

*

ஜூன் 22

அன்புள்ள வாத்துக்கு,

என்னடி ஆச்சு? நாலு வரியில் கடிதம், படம்கூட இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையா? பதினான்கு வருடத்தில் வாத்துப் படம் இல்லாமல் உன் கடிதம் வந்ததே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினபோதுகூடக் குஞ்சோடு போட்டிருந்தாய்.

அறுபத்தொரு தடவை. ஒரு நோட்டில் தேதி, நேரம் எல்லாம் குறித்திருக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் மறைத்தேன் என்று ஆகக்கூடாது இல்லையா? இந்த அறுபத்தொன்றும் பெட்டி ஏமாற்றிய அறுபத்தொன்று என்று சொல்லு, அவர்களுக்கு உறைக்கும்.

உனக்கு மேலிடத்தில் ஏதாவது தொந்தரவு என்றால் சொல்லிவிடு. நானே நேரில் வந்து பேசுகிறேன். உன்னை மாட்டிவிட எனக்கு விருப்பம் இல்லை.

உன்,
குண்டூசி

*

ஜூலை 1

பெறுநர்: வாயில் உதவியாளர், மாறும் நிலையம்.

பொருள்: ஊழியர் அட்டையை முறைகேடாகப் பயன்படுத்தியமை குறித்து விளக்கம் கோருதல்.

தாங்கள் தங்களது ஊழியர் அட்டையைப் பயன்படுத்தி, விதிகளுக்கு மாறாக அறுபத்தொரு முறை வாயிலைத் திறந்துவிட்டதாகத் தங்களது சொந்தக் கையெழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். நடு மேடையிலுள்ள பதிவுக் கருவி முறையாகச் சோதிக்கப்பட்டு, குறைபாடு ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்பட்டுள்ளது. எனவே, இரு ரயில் சேவைகளுக்கிடையே மாறிய பயணிகளின் பதிவுகளும் கட்டணங்களும் பிழையானதற்குத் தங்களது செயலே காரணம் எனக் கருதப்படுகிறது.

விசாரணை முடியும்வரை தாங்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறீர்கள். ஜூலை 8 அன்று காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி முன் ஆஜராக வேண்டும்.

இணைப்பு: தங்களது கடித நகல்கள் (ஜூன் 3, ஜூன் 22).

(ஒப்பம்)
பிரிவுத் தலைவர் (பொறுப்பு),
கட்டணத் திருத்தப் பிரிவு

*

ஜூலை 9

வாத்துக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

கேட் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. பைக்காரரே வீட்டு வாசலுக்கு வந்து, "குடுங்கம்மா, நான் கொண்டுபோறேன். யாரு என்னைக் கேட்கப் போறாங்க?" என்று வாங்கிப்போகிறார். இத்தனை வருஷமாக முணுமுணுத்த மனுஷன்.

உத்தரவு வந்த அன்றைக்குக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ உன்னை மிரட்டிப் போட வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். நேற்று நீ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கும்வரை அப்படித்தான் நம்பினேன்.

அதிகாரி என் முதல் கடிதத்தின் நகலை எடுத்து வைத்தார். உன் டீக்கறை அதில் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தது. கடைசியில் "மறுபக்கம் பார்க்க" என்று என் கையெழுத்து. அடுத்து ஜூன் 22 கடிதம். அதிலும் "அறுபத்தொரு தடவை" என்ற பத்தி மட்டும், மேலும் கீழும் வெள்ளைத்தாள் வைத்து மறைத்து. நான் எழுந்து நின்று, "சார், முதல் கடிதத்துக்கு மறுபக்கம் இருக்கு சார். அதுலதான் பெட்டியோட கோளாறை எழுதியிருக்கேன்" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ தலையைத் தூக்காமல் சொன்னாய்: "மறுபக்கம் குடும்ப விஷயம் சார். விசாரணைக்குச் சம்பந்தம் இல்லை."

குடும்ப விஷயம்! எந்தக் குடும்பம்டி? பெட்டி எனக்கு மாமியாரா, நாத்தனாரா?

வேலை போனால் போகட்டும் என்று பேச எனக்கு வசதி இல்லை. அம்மாவுக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வேலை போவதைவிட எனக்கு வலிப்பது வேறு. ஜூன் 20ஆம் தேதி "எத்தனை தடவை?" என்று கேட்டாயே, அப்போதே என் வாயைக் கிளறி வாங்கத்தான் கேட்டாய். நானோ உனக்கு வீட்டில் சண்டையா என்று கவலைப்பட்டு உட்கார்ந்திருந்தேன். நம்பி எழுதினவளின் கழுத்தை அறுத்துவிட்டாய்.

ஏன்? அதை மட்டும் சொல்லு.

குண்டூசி

*

ஜூலை 12

என் குண்டூசி,

நீ எவ்வளவு திட்டினாலும் தகும். கேட்டாய், சொல்கிறேன்.

பெட்டியைச் சோதித்துச் சான்று கொடுத்தது நான்தான். மார்ச் மாதம் வந்தேனே, உன் ஜன்னலில் உட்கார்ந்து டீ குடித்தோமே, அன்றைக்குத்தான். பகல் பதினோரு மணி, மேடையில் ஈ காக்கை இல்லை. பத்து கார்டு கொண்டுவந்திருந்தேன். ஒரு கார்டைத் தொடுவேன், பச்சை வரும், பட்டியலில் சரி என்று போடுவேன், பேனாவை மூடுவேன், பிறகு அடுத்த கார்டை எடுப்பேன். பத்துக்குப் பத்து. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். வேகமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே புரிந்துவிட்டது. சிரிப்பில் டீ கொட்டியது என்று எழுதினேன், அது பொய். மறுபக்கத்தைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைக்கப்போய் டம்ளரைத் தட்டிவிட்டேன். இத்தனை ஆயிரம் பேருக்குத் தப்பாகப் பிடித்தது என் கையெழுத்தால் என்று தெரிந்தால் பதவி மட்டுமா போகும்? முதலில் நாளைத் தள்ளிப்போட்டேன். பிறகு புகார்கள் குவிந்து, யார் காரணம் என்று கேட்டார்கள். யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. உன் கடிதம் மேஜை இழுப்பறையில் இருந்தது.

உன்னை வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள், பேசி வைத்திருக்கிறேன். ஒரு கண்டிப்பு, ஒரு இடமாற்றம், அவ்வளவுதான். ஒரே ஒரு உதவி செய். ஜூன் 5ஆம் தேதி நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். நீ எதையும் தூக்கிப்போட மாட்டாய். அதையும் இதையும் சேர்த்துக் கிழித்துவிடு. அது வெளியே வந்தால் எனக்கு எல்லாம் முடிந்தது. பதினான்கு வருடத்தை நினைத்துப் பார்த்துச் செய்.

உன்,
வாத்து
(படம் போட்டிருக்கிறேன், பார்.)

*

ஜூலை 13

வாத்துக்கு,

படத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நான் கேட்டு நீ எழுதிய நேற்றைய கடிதத்தை யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் ஜூன் 5 கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. மற்றவற்றோடு பிஸ்கட் டப்பாவில் இருந்ததை எடுத்து என் பையில் வைத்திருக்கிறேன். கிழிக்க இரண்டு தடவை எடுத்தேன் என்பதும் உண்மை. அதில் நீ அம்மாவின் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய், அந்தப் பதினோரு நாளைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதையெல்லாம் பொய் சொல்கிற கை எழுதியிருக்க முடியாது. அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நீ முழுக்கக் கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சோதனையில் நீ செய்தது தப்பு இல்லை. யாருக்கும் வரக்கூடிய பிசகு. ஜூன் 5ஆம் தேதி, "மாட்டிக்கிட்டேன்டி, என்ன பண்றது?" என்று ஒரு வரி எழுதியிருந்தால், உனக்காக நான் யார் காலிலும் விழுந்திருப்பேன். நீ என் தலையில் கட்டினாய். என் தலையில் மட்டுமா? ஆஸ்பத்திரி அம்மா இன்னும் ஏய்ப்பாளர் பட்டியலில் இருக்கிறாள். அவளைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

15ஆம் தேதி பத்து மணிக்குக் கடைசி விசாரணை. நீயே எழுந்து உண்மையைச் சொன்னால், என் பையிலிருந்து எதுவும் வெளியே வராது. சொல்லாவிட்டால் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். நீ எனக்குச் சொல்லாமல் செய்தாய். நான் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு நாள் இருக்கிறது.

குண்டூசி

*

ஜூலை 19

வாத்துக்கு,

இதைத் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். இனி அந்தப் பையில் நம் கடிதம் போகாது, பைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அதிகாரி, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பேனாவைத் திறந்தாய், மூடினாய். எழுந்திருப்பாய் என்றுதான் நான் கடைசிவரை நினைத்தேன். நீ எழுந்திருக்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு பக்கமும் முழுசாகக் கொடுத்தேன். முட்டிவலி, நாற்காலி, பிரசவம், வாத்துத் தொப்பி எல்லாவற்றையும் அவர் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் இருந்த குமாஸ்தா தொப்பிக்குச் சிரித்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நமக்குள் இருந்ததை நாலு பேர் நடுவில் விரித்தவள் நானும்தான், அது எனக்கு ஆயுசுக்கும் இருக்கும். ஆனால் ஒரு வரியைக்கூட நான் மறைக்கவில்லை.

நீ மயக்கமாக வருகிறது என்று எழுந்து போனபிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் காலை எட்டரைக்கு அதிகாரியே மேடைக்கு வந்தார். குமாஸ்தா முன்னால், அவர் உடனே பின்னால் என்று தொட்டார்கள். இரண்டு பச்சை. கேட்டில் குமாஸ்தாவை விட்டது, அதிகாரியைச் சிவப்பில் நிறுத்தியது. பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு ஒரு கண்டிப்பு, வேலை இருக்கிறது. உனக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

நேற்று மறுபடியும் ஜன்னலில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி அம்மா வந்தாள். கார்டைத் திறந்துவிட்டார்களாம். பெயரை நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறதாம். அதை மருமகனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். போகும்போது திரும்பி வந்து கேட்டாள்:

"உங்க சிநேகிதியாலதானம்மா? நீங்க அன்னிக்கே சொன்னீங்க, அவங்க பார்த்துப்பாங்கன்னு. நல்ல மனசு. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

பின்னால் வரிசை நின்றது. நான், "ஆமாம்மா, சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
வாயில் உதவியாளர்,
மாறும் நிலையம்